ஆவாரமேட்டில் கார் நிற்காது

மகனே,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்பதை உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நேற்று போட்ட படத்தில் கல்யாணப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். அந்தப் பத்திரிகை விதை வைத்துச் செய்த தாளாம். படித்து முடித்ததும் மண்ணில் புதைத்தால் செடி முளைக்குமாம். அதற்குக் கீழே உன் நண்பர்கள் வரிசையாகக் கைதட்டியிருக்கிறார்கள். நான் எத்தனை தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை. பொங்கலுக்கும் வீட்டுக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ பத்திரிகையை ஊருக்கெல்லாம் கொடுத்தாய், நானும் இதை ஊரெல்லாம் படிக்கும்படியே எழுதுகிறேன். உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ எல்லோரிடமும் வேறு மாதிரி சொல்லிவைத்திருக்கிறாய். மார்கழியில் ஒரு நாள் நானும் உன் அப்பாவும் கறவை மாடு பார்க்கக் குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போயிருந்தோம். மத்தியானத்துக்கு மேல் பேரிகைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தால், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆவாரமேட்டில் ஒரு ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. மேட்டில் பாதி இல்லை. பூவும் காயுமாக நின்ற செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டு ஓரமாகக் குவிந்து கிடந்தன. நான் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். டிரைவர் தெலுங்குக்காரப் பையன், பயந்துபோய் இன்ஜினை அணைத்துவிட்டான்.

"ஏமம்மா, இப்டி குறுக்க வந்து நிக்கறீங்க? உங்க மகனே தான் போன்ல சொன்னாரு, பூரா லெவல் பண்ணிடுன்னு. நான் என்னா பண்றது?" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலைக்கு வந்தவன். அங்கேயே நின்று உனக்குப் போன் செய்தேன். அன்றைக்கு மட்டும் எடுத்தாய்.

"ஏன்டா, யாரக் கேட்டு மேட்டத் தள்ளச் சொன்ன?"

"அம்மா, கார் நிறுத்த எடம் வேணாமா? ஆவாரஞ்செடி தானேம்மா, அது எங்க வேணா மொளைக்கும். மஞ்சப் பூ தான வேணும் உனக்கு? நர்சரில தொட்டியோட வாங்கித் தரேன்."

"அந்த வண்டுங்க எல்லாம் எங்கடா போவும்?"

"வண்டுக்கெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தா கல்யாணம் பண்ண முடியுமா? எங்க ஜெனரல் மேனேஜர் வர்றாரும்மா. அவரு ரோட்டோரக் களத்துல வண்டிய நிறுத்திட்டு புழுதியில நடந்து வரணுமா?"

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஊரில் நிலம் வாங்கிப் பிளாட் போடுகிறவன் சொல்லியிருந்தால், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று இருந்திருப்பேன். நீ சொன்னாய். கிருஷ்ணகிரியில் தாவரவியல் படித்த நீ. அந்த மேட்டில் பூக்கிற பூவைப் பற்றியும் அதற்கு வருகிற வண்டுகளைப் பற்றியும் இந்த வீட்டில் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்தபோது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். அதனால்தான் எனக்கு இத்தனை கோபம்.

மறந்துவிட்டாயா? அப்போது நான் பேரிகைப் பக்கம் ஒரு பசுமைக்குடிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே தக்காளி. சுற்றிலும் வலை, மேலே பிளாஸ்டிக், ஒரு ஈ உள்ளே வர முடியாது. காற்றும் கிடையாது. பூ பிஞ்சாவதற்கு என்ன செய்வது? எங்கள் கையில் பேட்டரி போட்ட ஒரு குச்சியைக் கொடுத்திருந்தார்கள். காலையில் வெயில் ஏறியதும் கொத்துக் கொத்தாகப் போய் ஒவ்வொரு காம்பிலும் அதை வைக்க வேண்டும். அது 'கிர்ர்' என்று அதிரும். கொஞ்சம் மஞ்சள் தூள் கொட்டும். அடுத்த கொத்து. கழுத்து வலி, வேர்வை, சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் கையில் அந்த அதிர்வு நிற்காது. ஒரு நாள் நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாய். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "அம்மா, நீ பண்றது வண்டு வேலம்மா. வண்ட வெளிய நிறுத்திட்டு உன்ன உள்ள விட்டிருக்காங்க" என்றாய்.

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. பெற்றவள் இங்கே வேகிறாள், இவனுக்குச் சிரிப்பு வருகிறதே என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாய். மழை பொய்த்த வருஷம் அது. எங்கே பார்த்தாலும் காய்ந்து கிடந்தது, அந்த மேட்டில் மட்டும் மஞ்சளாகப் பூத்திருந்தது. ஒரு பூவைப் பிடித்து நடுவில் இருந்த வளைந்த குழல்களைக் காட்டினாய். மகரந்தம் இதற்குள்ளே இருக்கிறது, நுனியில் மட்டும்தான் ஓட்டை, முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பா மாதிரி, குலுக்கினால்தான் கொட்டும் என்றாய். அதற்குள் ஒரு கருவண்டு வந்தது. கட்டைவிரல் பருமன். பறந்து வரும்போது ஒரு சத்தம். பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கியதும் இறக்கையை மடக்கிக்கொண்டு உடம்பை மட்டும் உதறியது, அப்போது வேறு சத்தம், கீச்சென்று ஏறின சத்தம். மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டியது. நீளமான குழல்களில் இருந்து வந்தது அதன் விலாவிலும் முதுகிலும் ஒட்டிக்கொண்டது. அடுத்த பூவுக்குப் போகும்போது அந்த ஒட்டியது அங்கே சேரும் என்றாய். குடிலில் என் கையில் இருந்த பேட்டரிக் குச்சியின் சத்தமும் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்னும் என்னென்ன சொன்னாய் என்று நினைத்துப் பார். கூடு கட்டித் தேன் சேர்க்கிற தேனீக்கு இந்த உதறல் வராது, அது சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும் என்றாய். வயிற்றில் நீலப் பட்டை போட்ட சின்னத் தேனீ ஒன்றைக் காட்டினாய், அதுவும் உதறத் தெரிந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அந்த ஜாதியின் ஆண் தேனீக்கள் காய்ந்த புல் குச்சியைப் பல்லால் கடித்துக்கொண்டு வரிசையாகத் தூங்குவதைக் காட்டி, சத்தம் போடாதே என்று என் வாயைப் பொத்தினாய். இந்தப் பூவில் தேனே கிடையாது, வண்டுக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டும்தான், அதைக் கொண்டுபோய் மரத்துக்குள்ளே துளை போட்டு உருண்டையாக வைத்து அதன் மேல் முட்டையிடும் என்றாய். நம் கத்தரிப் பூவும் இதே மாதிரி பவுடர் டப்பாதான், அங்கேயும் இதே வண்டுகள்தான் வருகின்றன, கத்தரி பூக்காத மாதத்தில் அவற்றுக்குச் சோறு போடுவது இந்த மேடு என்றாய். நான் உன்னைப் பெற்றதற்காகப் பெருமைப்பட்ட நாள்களில் அதுவும் ஒன்று. இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அதற்குப் பிறகு மாட்டுக்கொட்டகை விட்டத்தில் கருவண்டு துளை போட்டு மரத்தூள் தீவனத்தில் கொட்டுகிறது என்று உன் அப்பா சிமெண்டைக் குழைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். நீ ஏணியைப் பிடித்துக்கொண்டு அவரை இறங்க விடவும் இல்லை, ஏற விடவும் இல்லை. "உள்ள குஞ்சிருக்குதுப்பா, உயிரோட வெச்சி பூசப்போறீங்களா?" என்று கத்தினாய். பாவம் அந்த மனுஷன், நடு ஏணியில் சிமெண்ட் சட்டியோடு நின்றார். கடைசியில் நீதான் ஜெயித்தாய். தீவனத் தொட்டியைத் தள்ளிப் போட்டோம். அந்த விட்டத்தில் இன்றைக்கும் வண்டு போகிறது வருகிறது. அன்றைக்கு ஏணியைப் பிடித்த அதே பையன்தான் ஓசூரில் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு போனில் "பூரா லெவல் பண்ணிடு" என்கிறான். இதை நான் எப்படி ஜீரணிப்பது?

எங்க வேணா மொளைக்கும் என்றாயே, அந்த எங்க வேணாவை எனக்குக் காட்டு. மேட்டுக்குக் கிழக்கே கலர் கல் நட்டு லேஅவுட் போட்டிருக்கிறார்கள், அங்கே ஒரு பச்சை இல்லை. தெற்கே பசுமைக்குடில்கள், அங்கே வண்டு நுழைய முடியாது. மேற்கே கல் குவாரி, அந்தத் தூள் படிந்து வேலிச் செடியே வெள்ளையாக நிற்கிறது. வடக்கே கம்பெனி குடோனுக்கு வேலி போட்டாகிவிட்டது. நடுவில் மிச்சம் இருந்தது நம்முடைய இந்த மேடு ஒன்றுதான். கல்லும் மண்ணுமாக, கேழ்வரகு கூட விளையாது என்று உன் தாத்தா காலத்தில் இருந்து விட்டுவைத்த இடம். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, எரு போடவில்லை. தானாக முளைத்து, தானாகப் பூத்து, இத்தனை உயிருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. அதையும் பார்க்கிங் ஆக்க உனக்கு மனசு வந்துவிட்டது.

மேட்டைத் தள்ளிய மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். வண்டுகள் வந்திருந்தன. வழக்கமாக வருகிற இடத்துக்கே வந்து, பூ இருந்த உயரத்தில் ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தன. கீழே செம்மண். ஒன்று குவித்துப் போட்ட செடிமேல் உட்கார்ந்து வாடின பூவைப் பிடித்து உதறிப் பார்த்தது. மஞ்சள் பட்டாம்பூச்சிகள் பிடுங்கிப் போட்ட இலையிலேயே முட்டை வைத்துக்கொண்டிருந்தன. நான் அழுதேன். வண்டுக்காக அழுகிறவளைப் பார்த்தால் ஊர் சிரிக்கும் என்று தெரியும். சிரிக்கட்டும். நாளைக்கே கத்தரி காய்க்காமல் போய்விடும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பாதி மேடு இன்னும் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அவை சமாளித்துவிடலாம். அந்தப் பாதியையும் எடுத்தால் என்ன ஆகும் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

போகி அன்றைக்கு வழக்கம்போல ஊர்ப் பெண்கள் காப்புக் கட்ட ஆவாரம்பூ பறிக்கக் கூடையோடு வந்தார்கள். பூளைப்பூ கிடைத்துவிடும், வேப்பிலை கிடைத்துவிடும், ஆவாரம்பூவுக்கு எல்லோரும் நம் மேட்டுக்குத்தான் வருவார்கள், உனக்குத் தெரியாததா? இந்த வருஷம் பாதி மேட்டில் எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு பறித்தார்கள். எதிர் வீட்டுக்காரி கேட்டாள், "என்னாக்கா, உங்க பையன் காலேஜ்ல இதத்தானே படிச்சான்?" என்று. அவள் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டு வாசலில் காப்புக் கட்டும்போது உன் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. "கல்யாணம் ஆவட்டும், அப்பறம் பேசிக்கலாம். ஆபீசருங்க முன்னால அவன் மானம் போயிடக் கூடாது" என்கிறார். கல்யாணம் ஆன பிறகு பேச மேடு இருக்க வேண்டுமே.

உன் கல்யாணத்துக்கு நீ வைத்திருக்கும் பெயர்தான் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. 'இயற்கைத் திருமணம்'. கோயிலில் தாலி கட்டிவிட்டு நம் தோட்டத்தில் விருந்தாம். பிளாஸ்டிக் இல்லையாம். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக விதை உருண்டையும் ஒரு சின்னப் பாட்டில் தேனுமாம். பாட்டில் மேல் தேனீப் படம். இந்தக் கருவண்டு தேன் தராது. அதனால்தான் அது உன் கண்ணில் படவில்லையோ? உங்கள் கம்பெனியில் சுற்றுச்சூழல் நாள் விழாவை நீதான் நடத்துகிறாய். போன வருஷம் நட்ட குழியிலேயே இந்த வருஷமும் நட்டோம் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். அதைக் கேட்டு நானும் சிரித்தேன். அந்த விளையாட்டை வீட்டுக்கும் கொண்டு வருவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. விதை போட்ட பத்திரிகையைப் புதைக்கச் சொல்லி ஊருக்குக் கொடுத்துவிட்டு, முளைத்து நிற்பதை ஜேசிபி வைத்துத் தள்ளுகிறாய். இதற்குப் பெயர் இயற்கையா? தெரியாமல் செய்கிறவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தே செய்கிறவனை என்ன செய்வது?

உன் மேனேஜரை நான் குறை சொல்லவில்லை. அந்த மனுஷன் மேட்டைத் தள்ளு என்று உன்னிடம் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். நீயாக நினைத்துக்கொள்கிறாய், களத்தில் இறங்கி நடந்தால் அவர் ஷூவில் புழுதி படும், நம்மைக் கிராமத்தான் என்று நினைத்துவிடுவார் என்று. நீ கிராமத்தான்தான். நான் கூலிக்குப் போனவள்தான். அந்தக் கூலியில்தான் நீ தாவரவியல் படித்தாய். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பெரியவர்கள் முன்னால் குனிகிற பழக்கம் ஆபீசோடு நிற்கட்டும். அது வீட்டுக்குள் வந்தால் நாளைக்கு உன் பெண்டாட்டி, உன் பிள்ளை எல்லோரும் அந்த மேடு மாதிரிதான், யாரோ வருகிறார்கள் என்றால் ஒதுக்கித் தள்ளிவிடுவாய். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற மகனுக்கு நான் சொல்கிற புத்தி இது ஒன்றுதான்.

பெண்டாட்டி என்றதும் சொல்கிறேன். போன வாரம் உன் வருங்காலப் பெண்டாட்டி வந்திருந்தாள். லீவு நாளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓசூரில் இருந்து தனியாக வந்து, எனக்குத் தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். காபி குடித்துவிட்டுப் பின்பக்கம் போனவள், "அத்த, இங்க ஏன் மண்ணெல்லாம் தள்ளி வெச்சிருக்கு? வீடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டாள். கார் நிறுத்துவதற்கு என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"எங்கிட்ட களத்துல தான் பார்க்கிங்னு சொன்னாரே அத்த."

அதாவது, நீ அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அவளுக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவளை மிச்சப் பாதி மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல வெயில், வண்டுகள் வந்திருந்தன. நீ எனக்குச் சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் அவளுக்குச் சொன்னேன். இறக்கை மடக்கி உதறுகிற சத்தத்தை அவள் போனில் பதிவு செய்துகொண்டாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு, "யாருங்க அத்த உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?" என்றாள். உன் பெயரைச் சொன்னேன்.

கிளம்பும்போது ஸ்கூட்டியில் உட்கார்ந்துகொண்டே சொன்னாள்: "நாங்க கம்பெனி லைன்ல ஷிஃப்ட் பூரா நின்னுக்கிட்டே தான் வேல பாக்கறோம். களத்துல இருந்து வீட்டுக்கு நடந்தா யாருக்கு என்னா ஆயிடப் போவுது? நான் பட்டுப் பொடவையோட நடந்தே வரேன் அத்த. எங்க வீட்டு ஆளுங்களுக்கும் சொல்லிடறேன்." அவளை எனக்கு முன்பே பிடிக்கும். இப்போது ரொம்பப் பிடிக்கிறது. உனக்கு இப்படி ஒருத்தி கிடைத்தது உன் அதிர்ஷ்டம், நீ அவளிடம் இனி எதையும் மாற்றிச் சொல்லாதே.

ஆகவே முடிவு இதுதான். ஜேசிபி டிரைவர் பையன் இனி இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று எனக்குச் சொல்லியிருக்கிறான். வேறு ஆளை அனுப்பினால் அவனும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தள்ளிய பாதியில் சமையல் பந்தல் போடச் சம்மதிக்கிறேன், விருந்து முடிந்ததும் அந்த இடத்தை ஆவாரைக்கே விட்டுவிட வேண்டும். காரெல்லாம் ரோட்டோரக் களத்தில். ஊர்ப் பெரியவர்களிடம் பேசியாயிற்று, சாணி தெளித்துப் புழுதியை அடக்கித் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வயசானவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் மட்டும் ஆட்டோ. மற்ற எல்லோரும் மேட்டோரமாகப் போகிற பாதையில் நடந்து வருவார்கள். கல்யாணப் பெண்ணே நடக்கிறாள், மாப்பிள்ளையும் நடக்கத்தான் வேண்டும். உன் ஜெனரல் மேனேஜரும் உன் கூடவே நடந்து வருவார்.

அவர் சும்மா நடக்க மாட்டார். படித்தவர், கண்ணில் பட்டதைக் கேட்பார். இது என்ன பூ, ஏன் இத்தனை வண்டு, இந்த இடத்தை ஏன் இப்படியே விட்டிருக்கிறீர்கள் என்று உன்னிடம்தான் கேட்பார். அந்த நேரத்தில் நான் பந்தி கவனித்துக்கொண்டிருப்பேன், உதவிக்கு வர மாட்டேன். உனக்குப் பதில் தெரியும். தலையைக் குனியாமல் சொல்.

அம்மா